ஆறு மணித் திசை

இஸ்திரிப் பலகையில் இறுக்கி வைத்த ஜாய்ஸ்டிக்.
போன மாதம் துணி கருகிய தழும்புக்குப் பக்கத்திலிருந்து
என் ஸ்பிட்ஃபயர் புறப்படுகிறது.
கால்மிதிகள் பழைய டிராமில் கழற்றியவை.
பணிமனை ஹினெக்குக்கு
இரண்டு பாட்டில் பிளம் சாராயம் கொடுத்து வாங்கினேன்.
அடுத்த அறையில் போர்ஷெக்கின் குறட்டை.
அதையும் எஞ்சின் சத்தத்தோடு சேர்த்துக்கொள்கிறேன்.

பகலில் நான் ஒஸ்ட்ராவாவின் எட்டாம் எண் டிராம்.
போகலாம், நிற்கலாம்.
பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட
இஷ்டத்துக்கு இடப்பக்கம் திரும்பியதில்லை.

இங்கே தண்டவாளம் இல்லை.
மணி என்றால் நேரம் அல்ல, திசை.
பன்னிரண்டு மூக்கு, மூன்று வலத்தோள்,
ஆறு மணி முதுகு.
சாவு ஆறு மணிக்குத்தான் வரும் என்று
குழுவுக்குப் புதிதாய் வருகிறவர்களிடம் சொல்லுவேன்.
நிஜ விமானத்தில் ஏறியது ஒரே பயணம், கடற்கரை விடுமுறைக்கு.
போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி.
இதை அவர்களிடம் சொல்வதில்லை.

இரவு இரண்டு இருபத்தைந்து.
ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே நாலாயிரம் மீட்டர்.
மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு மெஸ்ஸர்ஷ்மிட்.
பெயர்: சாம்பல் வாத்து.
மூன்று வாரமாய் என்னைக் கடலில் தள்ளுகிறவன்.
பெண்ணாகவும் இருக்கலாம்; வாத்துக்கு எது தெரிகிறது.
சுற்றினோம்.
அவன் உள்ளே, நான் வெளியே, பிறகு நான் உள்ளே.
பார்வையின் ஓரங்கள் கறுக்கும்வரை கட்டையை இழுத்தேன்
இஸ்திரிப் பலகை ஒரு கால் தூக்கியது
வந்துவிட்டேன்
அவன் ஆறு மணியில்.
இருநூறு மீட்டர். விசையில் கட்டைவிரல்.

திரையின் மூலையில் ஒரு வரி:
"யாரோ கதவைத் தட்டுறாங்க. இதோ வரேன்."

இரண்டரை மணிக்கு யார் தட்டுவார்கள்?

சிறகை நிமிர்த்திவிட்டுப் போயிருக்கிறான்.
விமானம் நேராகப் பறக்கிறது,
அடுப்பில் எதையோ வைத்துவிட்டு
வெளியே போனவர் வீட்டைப் போல.
சுடு என்கிறது கட்டைவிரல்.
ஹெட்போனில் குழுத்தலைவர் யாரோஸ்லாவ் கொட்டாவி விடுகிறார்:
"உன் பக்கம் ஏதாவது?"
"ஒன்றுமில்லை. மேகம்."

பக்கத்தில் போனேன். சிறகோடு சிறகு.
கண்ணாடிக் கூண்டுக்குள் பொம்மை விமானி
நேரே பார்த்தபடி. திரும்பவில்லை.
எங்கோ ஒரு ஊரில் ஒரு நாற்காலி காலி.
ஒரு கதவு திறந்திருக்கிறது, அல்லது
தாழ்ப்பாளில் கைவைத்தபடி யாரோ
யார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.
தட்டியவர் போலீஸா,
குடித்துவிட்டு வீடு மாறி வந்தவரா,
திரும்பி வந்துவிட்ட யாராவதா.
நான் கேட்க உரிமை இல்லாத கதவு அது.
அவன் ஆறு மணியை மட்டும்
பார்த்துக்கொள்ளலாம்.
பார்த்துக்கொண்டேன்.
தூரத்தில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் தெரிந்தபோது
நடுவில் போய் மறைத்தேன்.

இரண்டு ஐம்பது. ஷிஃப்ட் மூன்றரைக்கு.
கோட்டு, சாவி, பிளாஸ்க்.
வேகத்தை அவன் வேகத்துக்குச் சரிசெய்தேன்.
தன்னியக்கத்தில் விட்டேன்.
"டிராம் எடுக்கணும்" என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன்.
படியில் இறங்கும்போது தோன்றியது,
ஆளில்லாத இரண்டு விமானம்
ஒன்றுக்கொன்று காவலாய்.

விட்கோவிட்ஸே உலைக்கூடத்தின் கரிய கோபுரங்களைத் தாண்டும்போது
மூன்று தடவை முதுகுக்குத் திரும்பினேன்.
கண்ணாடியில் கடைசி இருக்கையில்
ரொட்டிக்கடைச் சீருடையில் ஒரு பையன், தூக்கம்.
ஆறு மணிக்கு, இது நிஜ ஆறு மணி,
பனி விலகிற்று.

வீடு வந்தபோது திரை அப்படியே.
பதிவேட்டில் பச்சை எழுத்துகள்:

02:58 வந்துட்டேன்.
02:59 இருக்கீங்களா?
03:07 டிராமா??
03:41 ஸ்பிட்ஃபயர், கடலில். காரணம்: எரிபொருள் தீர்ந்தது.
குண்டுக் காயம்: பூஜ்ஜியம்.
03:44 மெஸ்ஸர்ஷ்மிட், கடலில். காரணம்: அதே.

யார் தட்டினார்கள் என்று எழுதவில்லை.

போர்ஷெக் எழுந்துவந்து
சட்டை தேய்க்கப் பலகை வேண்டும் என்றான்.
ஜாய்ஸ்டிக்கைக் கழற்ற ஆரம்பித்தேன்.
திருகு இறுகிப்போயிருந்தது.